உன் குரல் உனக்குக் கேட்ட நாள்

நைனா,

இன்று காலை ஆபீஸ் மீட்டிங்கில் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். சென்னையிலிருந்து டீம் லீடர் குறுக்கிட்டு, “மேடம், உங்க வாய்ஸ் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு” என்றார். உன் மகளுக்குக் குரல் எடுபடவில்லையாம்! நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

வழக்கமான வைத்தியங்களை எல்லாம் செய்தேன். ஹெட்செட் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். ஒயரில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகினேன். செட்டிங்ஸில் சவுண்டைத் திறந்து மைக்கின் அளவைப் பார்த்தேன், அது சரியாகத்தான் இருந்தது. கடைசியில் மைக் முனையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு உறையைக் கழற்றினால், உள்ளே விபூதி அடைத்துக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். விபூதியும் தேங்காய் எண்ணெயும் கலந்த உன் வாசனை. உறையை மாட்டாமலே பேசினேன். “இப்ப கிளியரா கேக்குது” என்றார்கள். மீட்டிங் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புத்தூரில் பவர்லூம் தறி ஓட்டிய எல்லாரையும் போல நீயும் கத்தித்தான் பேசுவாய். தறிக் கொட்டகைக்குள் மெதுவாகச் சொன்ன சொல் எதுவும் அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராது. இருபது வயதில் உள்ளே போனவன், பாதிக் காதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாய். வீட்டில் உப்பு கேட்பதும் ஊருக்கே அறிவிப்பு செய்வது போலத்தான் இருக்கும். “உங்க நைனா ரகசியம் சொன்னா நாராயணவனம் வரைக்கும் கேக்கும்” என்பாள் அம்மா. உனக்கோ அது புரியவே புரியாது. “நான் இன்னா கத்தறனா? பேசிக்கினுதானே இருக்கேன்!” என்று இன்னும் பெரிதாகக் கத்துவாய்.

அம்மா போன பிறகு உன்னைத் திருச்சானூருக்கு, என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்த மறுநாளே மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்து, “உங்க அப்பா யாரோட சண்டை போடறாரு?” என்று தெலுங்கில் விசாரித்தார். நீ பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்லியிருந்தாய், அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மாவைச் சமாளித்துவிடலாம். அக்காவின் மாமியாரை என்ன செய்வது? அக்கா விஜயவாடாவில் கூட வேலை பார்த்தவரை விரும்பி, போனில் உன்னிடம் சொன்னபோது நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சரிம்மா, உனுக்குப் புடிச்சா செஞ்சிக்கோ!” என்றாய். அங்கே ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த, தமிழ் தெரியாத அந்த அம்மாள், பெண்ணின் அப்பா கோபத்தில் குதிக்கிறார் என்று நடுங்கிப்போய்விட்டார். கல்யாணத்தில் மேளச் சத்தத்தோடு உன் குரல் பொருந்திப் போனதால் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் அவருக்கு நீ திட்டுவதாகவே பட்டது. அக்காவும் உன்னிடம் பேசுவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள்.

அவள் முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான். அம்மா இல்லாத வீடு, முறைப்படி நீதான் பேசி அழைக்க வேண்டும். ஆனால் அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள்: “அத்தை பயப்படறாங்கடி. நைனா போடற சத்தத்துல புள்ளத்தாச்சி எப்படி இருக்கும்னு கேக்கறாங்க. நான் இங்கியே இருந்துக்கறேன்.” இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீ அதற்குள் ஜன்னல் வைத்த அறையை அவளுக்கென்று காலி செய்து, உன் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டிருந்தாய்.

போன் உன் காதுக்குப் போதவில்லை. அதனால் என் கம்ப்யூட்டரில், இரண்டு காதையும் மூடும் ஹெட்செட்டை மாட்டி, அக்காவோடு ஒருநாள் பேச வைத்தேன். அவள் பேசுவது உனக்கு நன்றாகக் கேட்டது. காது மூடியதில் உன் குரல் மட்டும் உனக்குக் கொஞ்சமும் கேட்கவில்லை. இன்னும் கத்தினாய். பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் மைக்கின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். சத்தம் குறைந்தது, ஆனால் கோபம் குறையவில்லை. தெருக்கோடியில் யாரோ சண்டை போடுவது போலக் கேட்டது என்றாள் அக்கா.

மைக் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் ‘லிசன்’ என்ற பக்கம் கண்ணில் பட்டது. அதில் ஒரு டிக் போட்டால், நாம் மைக்கில் பேசுவது நம் காதிலேயே வந்து விழும். ஹெட்செட் சத்தத்தை முழுதாக ஏற்றி உனக்கு மாட்டிவிட்டு, ஏதாவது பேசு என்றேன்.

“இன்னா பேசறது?” என்றாய். உடனே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாய். “யாரு பாப்பா கத்தறது?”

“நீதான் நைனா.”

நீ நம்பவில்லை. “ஹலோ” என்றாய். அது காதுக்கு வந்து சேரும்வரை காத்திருந்தாய். மறுபடி “ஹலோ” என்றாய். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

“உங்கம்மாவுக்கும் இப்டித்தான் கேட்டுச்சா?”

நான் ஹெட்செட் ஒயரின் சிக்கை எடுக்க ஆரம்பித்தேன்.

“அப்ப நான் நல்லது சொன்னதுகூட திட்டனாப்பலதான் இருந்திருக்குமா?”

“எங்களுக்குப் பழகிப்போச்சி நைனா.”

“பழகிக்கறதுக்கு நான் இன்னா தறியா?” என்றாய். நான் சமையலறைக்குப் போய்ச் சும்மா தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த வாரம் முழுக்க நீயாகவே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசிப் பழகினாய். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். திரையில் அக்கா, அவள் வீட்டுக்காரர், நடுவில் மாமியார். போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளியே வைத்திருந்தார்கள்.

நீ பேசினாய். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. உன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நீ பேசி நான் கண்டதில்லை. அந்தப் பக்கம் மாமியார் முகம் சுளித்து முன்னால் குனிந்தார். “வினபடட்லேது அன்னய்யா” என்றார். கேட்கவில்லையாம்! உன்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீ பதறிப்போய் என்னைப் பார்த்தாய். நெஞ்சு விரிய மூச்சை இழுத்தாய். கத்தப் போகிறாய் என்று தெரிந்துவிட்டது. கத்தினால் அக்கா வரமாட்டாள். நான் உன் தோளை அழுத்திப் பிடித்தேன். கத்துகிற உனக்காக நான் இறக்கிவைத்த மைக் இறக்கியபடியே இருப்பது அப்போதுதான் உறைத்தது. செட்டிங்ஸ், சவுண்ட், இன்புட். மைக்கின் அளவுக் கோட்டைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளினேன். போதவில்லை. பழைய செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, மைக் சத்தத்தை இன்னும் கூட்டும் பூஸ்ட்டையும் ஒரு படி ஏற்றினேன். “பேசு நைனா. அப்டியே பேசு, ஏத்தாத.”

“அம்மா, மா பில்லனி பம்பின்சண்டம்மா” என்றாய். எங்கள் பெண்ணை அனுப்பி வையுங்கள். சொல்லுக்குச் சொல் நின்று, உன் குரல் உன் காதுக்கு வந்துசேரக் காத்திருந்து பேசினாய். அவள் அம்மா இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொள்வேன் என்றாய். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார் போனை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, “நானே கொண்டுவந்து விடறேன் அன்னய்யா” என்று தெலுங்கில் சொன்னார். சொன்னபடியே கூட வந்து, நாலு நாள் தங்கி, இந்த ஊர்க் கோயிலில் தாயார் தரிசனமும் முடித்துக்கொண்டுதான் போனார்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்த பிறகு நீ செய்த கூத்தைத்தான் மறக்க முடியவில்லை. குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அழைப்பு எதுவும் இல்லாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொஞ்சுவாய். கத்தி அதைப் பயமுறுத்திவிடக் கூடாது என்று உன் குரலை நீயே காவல் காத்தாய். எனக்கு மீட்டிங் நேரமாகிவிடும். “குடு நைனா” என்பேன். “இரு, பேசிக்கினு இருக்கோமில்ல” என்பாய். நானும் ஆபீசுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். குழந்தை ஒருநாளும் உன் மடியில் மிரண்டு அழுததில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். அக்காவும் நானும் உன்னைப் பற்றிப் பேசும்போது இருவருக்கும் அந்தப் பழைய குரல்தான் காதில் வருகிறது. கடைசியில் கற்றுக்கொண்ட மெதுவான குரல் வருவதில்லை. முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. உன் சத்தம் ஒன்று நினைவுக்கு வந்தால், சத்தத்தை இறக்கிவிட்டுச் சொல்லை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு அது பழக்கமாகிவிட்டது.

இன்று மத்தியானம் ஒன்று வந்தது. நான் முதன்முதலாக ஹாஸ்டலுக்குக் கிளம்பிய நாள். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நல்ல மழை. பஸ் நகர்ந்த பிறகு நீ ஏதோ கத்திக்கொண்டே கூடவே ஓடி வந்தாய். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. என்ன தகராறோ என்று கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். இத்தனை வருடமாக அந்தக் காட்சியில் உன் சத்தம் மட்டுமே எனக்கு நினைவிருந்தது. என்ன சொன்னாய் என்பது போயே போய்விட்டது. இன்று பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன்.

“ஜன்னல சாத்திக்கோ பாப்பா, நனைஞ்சிடப் போற.”

அவ்வளவுதான் நைனா. நீ சொன்னது அவ்வளவுதான்.