ஐந்து டைமண்டு கேட்ட குற்றம்

மாரமங்கலம்
பங்குனி 20

அன்பு மகள் சக்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட ஒரு பங்கு கூடுதலாகவே நலம், காரணம் பின்னால் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருக்கிறீர்களா? பூ மழை நேரத்துக்குப் பெய்ததால் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, மிளகும் காய்ந்து மூட்டைக்குப் போய்விட்டது.

நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில்தான் எட்டு மாதமாக பிரிட்ஜ் சீட்டு ஆடுகிறேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது மேனேஜருக்கு ஜோடியாக ஆடியவன், அவர் கோயமுத்தூர் போனபின் கம்ப்யூட்டர்தான் என் ஜோடி. உனக்கு ஆட்டம் தெரியாது, அதனால் சொல்கிறேன், எதிரே இருப்பவர் நம் ஜோடி, எத்தனை பிடி, அதாவது எத்தனை சுற்று, ஜெயித்து எடுப்போம் என்று நாலு பேரும் ஏலம் கேட்போம், ஜோடியின் கேள்வியை நம்பித்தான் நாம் மேலே கேட்க வேண்டும். நாங்கள் இருவர் மட்டும் கேட்கும்வரை கம்ப்யூட்டர் தங்கமான பிள்ளை. எதிராளி நடுவில் புகுந்துவிட்டால் போதும், ரோஷம் வந்து, கையில் ஒன்றுமே இல்லாமல் நாலு ஸ்பேடு, அதாவது ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பத்துப் பிடி, என்று ஏறிவிடும். நான் கத்துவேன். பக்கத்தில் மிளகு ஆய்ந்துகொண்டே பார்த்திருந்த உன் அம்மா ஒருநாள், "ஏனுங்க, அதுக்கென்ன காதா இருக்குது? என்னையச் சேத்துக்கங்க, நான் ஆடறேன்" என்றாள். பார்த்தே பாதி ஆட்டத்தைக் கற்றிருக்கிறாள், கள்ளி!

போன ஞாயிறு ஏற்காட்டில் ஜோடிப் போட்டி, பதினாறு ஜோடி. மதியம் வரை நாங்கள்தான் முதலிடம். அப்புறம் சேலத்து டாக்டர் தம்பதி எதிரே வந்தார்கள். நான் டைமண்டு கேட்டேன், டாக்டர் நாலு ஆர்ட்டினுக்கு ஏறினார், உன் அம்மா நிதானமாக நாலு ஸ்பேடு என்றாள். கம்ப்யூட்டரோடு எட்டு மாதப் பழக்கம், கண்ணு! இதுவும் வெறும் ரோஷம்தான் என்று நினைத்து, என் சீட்டுக்கே திரும்பி ஐந்து டைமண்டு கேட்டுத் தொலைத்தேன். இரண்டு பிடி குறைந்து தோற்றோம். அவள் கையைப் பார்த்தால் ஏஸ், ராஜா, ராணியோடு ஏழு ஸ்பேடு. அவள் கோபப்படவில்லை. "ஏனுங்க, நானென்ன உங்க மெசினுங்களா? முப்பத்திரண்டு வருசமா ஒரே ஊட்டுல இருக்கறம், கையில இல்லாதத என்னைக்காச்சும் சொல்லியிருக்கேனுங்களா?" என்றாள். கூடமே சிரித்தது. டாக்டரம்மா கைதட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசி ஆட்டத்திலும் எதிராளி ஏற, அவள் மறுபடி நாலு ஸ்பேடு. என் நாக்கு துடித்தது, ஆனாலும் மேலே கேட்காமல் பாஸ் என்றேன். பதினோரு பிடி எடுத்தாள்! மூன்றாம் பரிசு வாங்கினோம், அந்த ஒரு ஆட்டம் போகாமல் இருந்திருந்தால் முதல் பரிசு. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாரமங்கலம் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடக் கதை சொல்லி வந்தாள். இத்தனை வருஷம் இவளை ஆட்டத்தில் சேர்க்காத நான் எத்தனை பெரிய மடையன் என்று அன்றுதான் புரிந்தது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளை சொல்வதையும் கொஞ்சம் காதில் வாங்கு. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய், சாமி. நடந்ததையெல்லாம் என் கையாலேயே உனக்கு எழுத வேண்டும் என்பது உன் அம்மா போட்ட தண்டனை. எழுதிவிட்டேன். தப்பு அப்பாவுடையதுதான் என்று நீ போனில் அவளிடம் சொன்னால்தான் அடுத்த மாதம் எனக்கு ஜோடியாக உட்காருவாளாம். உடனே கூப்பிடு.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
மாதம்மாளின் ஜோடி,
ஜீவானந்தம்