ஜோடி மாறாத துகள்கள்

நேற்று கம்பம் பேருந்தில், திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்த வாடை. நீ இறந்து இத்தனை வருடம் கழித்தும் என் காது சூடேறியது. உங்கள் திராட்சைத் தோட்டத்தில் மருந்து கலக்கி உன் நகக்கண்ணில் எப்போதும் இருந்த அந்த நீலம் நினைவுக்கு வந்தது. கூடவே அந்த அல்வாவும்.

நாம் இயற்பியல் எம்.ஃபில். படித்த வருடம். அல்லிநகரத்தில் ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து பிளாஸ்மாவுக்கு நிரல் எழுதினோம். துகள்கள் நகரும் பகுதி உன்னுடையது, மோதும் பகுதி என்னுடையது. சூடான எலக்ட்ரான்களும் குளிர்ந்த அயனிகளும் மோதி மோதிக் கடைசியில் ஒரே வெப்பநிலைக்கு வர வேண்டும். நான் மொத்த ஆற்றலை மட்டும் பார்த்தேன். கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. நிரல் சரியாகிவிட்டது என்று மையத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். நீ கூடுதலாகவே தின்றாய்.

மதுரையில் கருத்தரங்கில் நம் வழிகாட்டி சார் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். எலக்ட்ரான், அயனி இரண்டின் வெப்பநிலையும் தொடங்கிய இடத்தைவிட்டு நகரவே இல்லை.

"ஏம்மா, இவுக ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதா? பங்காளிச் சண்டையா?"

அறையே சிரித்தது. மோதல் பகுதி யார் எழுதியது என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருந்தான் சார்" என்றாய்.

அதன்பின் நான் மையத்துப் பக்கமே போகவில்லை. வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எழுந்தது. படிப்பை நிறுத்த அது நல்ல சாக்கு என்று நினைத்தேன். தோட்டத்திலிருந்து கைகூடச் சரியாகக் கழுவாமல் பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"எந்திரிடி. அல்வா தின்ன ஆளுக எல்லாம் உன்னயத் தேடுறாக."

"அங்கன எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"இருக்குற மூஞ்சியத்தான். வேற வச்சிருக்கியா?"

உன் ஊர் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வரும் வழியிலேயே உனக்குக் காரணம் பிடிபட்டிருந்தது. நான் முதலில் ஜோடி சேர்த்ததோடு சரி. ஒவ்வொரு எலக்ட்ரானும் கடைசிவரை அதே அயனியோடுதான் மோதிக்கொண்டிருந்தது.

"எங்க டவுன் பஸ்ல தெனமும் ஒரே ஆளு பக்கத்துலயே எல்லாரும் உக்காந்தா, ஒரு சேதி ஊரு முழுக்க எப்படிடி பரவும்?"

நிரலில் நேரம் நகரும் ஒவ்வொரு படியிலும் ஜோடிகளைக் கலைத்துப் போட்டோம். இரண்டு வெப்பநிலைக் கோடுகளும் மெல்ல நெருங்கின. நான் படிப்பை விடவில்லை.

இப்போது என்னிடம் படிக்கும் மாணவிகள் ஆற்றல் கோட்டைக் காட்டிச் சிரிக்கும்போது, "வெப்பநிலை எங்கே?" என்று கேட்கிறேன். கேட்கும்போதே முகம் தாழ்ந்துவிடுகிறது. அல்வா கதையை யாருக்கும் சொன்னதில்லை. அன்று அந்த வெட்கத்தில் பாதியை நீ வாங்கிக்கொண்டாய். நீ போன பிறகு அது முழுதாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உன் பங்கும் அதில் இருப்பதால், இறக்கிவைக்க மனமில்லை.