சுவருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

ரோட்னி பத்தொன்பதாம் தேதி சிறையிலிருந்து வெளியே வருகிறான். சோளரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டே அம்மா சொன்னாள். ஜோசிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு ஐந்து வயது. அவன் அவளுக்குத்தான் அப்பா, எனக்கில்லை. அம்மாவின் கையை உடைத்த அன்று, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஷெரீஃபின் போலீஸ் ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும்.

மார்ச் 6

வெர்லின் மாமா மூன்று துப்பாக்கிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ரிவால்வர், பிடியைப் பின்னுக்கு இழுத்துச் சுடும் பம்ப் ஷாட்கன், பழைய ஒற்றைக்குழல் ஒன்று. அம்மா முதலில் ரிவால்வரை எடுத்தாள். ஒடிந்து சேர்ந்த மணிக்கட்டு, விசையை இழுக்க வரவில்லை.

"பம்ப எடு. சரக்குனு இழுக்குற சத்தத்துக்கே ஓடிருவான்."

"அவன் ஓடுற ஆளாண்ணே? நீ வேணா ஓடுவ."

மாமா சிரித்தார். "ஊமக்கோட்டான், நீ என்னடி சொல்ற?" என்று என்னைக் கேட்டார். தோளைக் குலுக்கினேன்.

மார்ச் 7

வீட்டைத் தாளில் வரைந்து பார்த்தேன். ஒரு கோடியில் அம்மாவின் அறை. நடுவில் கூடம், வாசல். மறுகோடியில் நானும் ஜோசியும். எங்களுடையது வண்டியில் இழுத்துவந்து நிறுத்திய டிரெய்லர் வீடு. சுவர் என்பது இரண்டு மெல்லிய பலகை, நடுவில் வெறும் காற்று. அவன் உள்ளே வந்தால் அம்மா தன் அறை வாசலில் நின்று சுடுவாள். அவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஜோசியின் கட்டில்.

இதை எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தாலே முகம் சிவந்துவிடுகிறது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

மார்ச் 8

சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச் முடிந்து, வீட்டுக்குப் பின்னால் சுட்டுப் பழகினார்கள். பக்கத்தில் டெலோரிஸ் அத்தையின் பழைய டிரெய்லர் வீட்டை இடித்துப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு சுவர்ப்பலகைகளை இழுத்துவந்து, இடைவெளி விட்டு நிறுத்தினேன். அவற்றுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பால் கேனை வைத்தேன்.

"என்னடி, வீடு கட்டுறியா?" என்றார் மாமா.

அம்மா பம்ப்பால் சுட்டாள். கேன் நாலு ஓட்டையில் ஒழுகியது. அம்மா கிட்டே போய் அதைப் பார்த்தாள்.

"அது யாரு?" என்றாள்.

"ஜோசி."

இது துளைக்காது என்று மாமா சின்ன ரவைத் தோட்டாவைப் போட்டுத் தானே சுட்டார். அதுவும் துளைத்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "கட்டில மாத்தணும்மா" என்றேன்.

மார்ச் 12

மூன்று பேரும் இப்போது அம்மாவின் அறையில் படுக்கிறோம். எதிர்க்கோடி அறை காலி. அதற்கு அப்பால் மலைச்சரிவுதான். அம்மா ஒற்றைக்குழலை வைத்துக்கொண்டாள், கைக்கு இலேசாக இருக்கிறதாம்.

"ஒரு தடவதான் சுடும்" என்றார் மாமா.

"எத்தன தடவ சுடணுங்கிற?"

மார்ச் 19

இன்று.

மார்ச் 22, சனி

மாலை ஐந்து மணிக்கு வந்தான். நல்ல வெயில்.

"பிள்ளையப் பாத்துட்டுப் போயிடுறேன், கதவத் தொற."

"இங்க வரக்கூடாதுன்னு கோர்ட்ல சொன்னது மறந்துபோச்சா? போயிரு ரோட்னி. கையில துப்பாக்கி இருக்கு."

"நீயா சுடுவ?"

அவன் கதவை இரண்டு முறை உதைத்தான். தாழ்ப்பாள் ஆணி ஒன்று தெறித்து விழுந்தது. நான் ஷெரீஃபுக்குப் போன் போட்டு முகவரியைக் கத்தினேன். அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருப்பதே தெரியாது. வெளியே சத்தம் நின்றது. அப்புறம் அவனுடைய டிரக் கிளம்பும் சத்தம்.

ஜோசி கட்டிலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். "அப்பாவா?"

அம்மா பொய் சொல்வாள் என்று நினைத்தேன். "ஆமா" என்றாள்.

தூக்கச் சொல்லி ஜோசி இரண்டு கையையும் நீட்டினாள். துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மா அப்படியே நின்றாள். நான் வாங்கி, குழலை மடக்கித் தோட்டாவை எடுத்தேன். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டாள்.

ஷெரீஃபின் ஆட்கள் வரும்வரை ஜோசி அழுதாள். பயத்தில் இல்லை. அவன் போய்விட்டான் என்று.