அப்பாவின் குளியலறைக்குச் சூடு வந்த விதம்

யோகோதே, ஜப்பான்
ஜனவரி 28

அன்பு மகள் மிஹோவுக்கு அம்மா எழுதுவது. ஜன்னல் பாதி மறையப் பனி கொட்டிக் கிடக்கிறது, அதற்குள் நாங்கள் இருவரும் சௌக்கியமாகவே இருக்கிறோம், வெயில் கொளுத்தும் பிரேசிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். உன்னிடம் ஒரு மாதமாக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். பதறாதே, அப்பா நன்றாக இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், என்னோடு நன்றாகச் சண்டையும் போடுகிறார். போனில் சொன்னால் நீ அழுதுகொண்டே விமானச் சீட்டு தேடுவாய் என்றுதான் எல்லாம் சரியாகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வெளியே வந்தவர் உடை மாற்றும் அறையில் அப்படியே சுருண்டு விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினால் முகம் மெழுகு மாதிரி வெளுத்திருக்கிறது, என்னைப் பார்த்து, ஒண்ணுமில்லை தோமியே, கால் வழுக்கிடுச்சு என்கிறார், கால் எங்கே வழுக்கியது, தரை காய்ந்து கிடக்கிறது. டாக்டர் திட்டினார். கூடத்துல சூடு, அந்த அறையில உறையற குளிர், அப்புறம் கொதிக்கிற தொட்டி, ரத்த அழுத்தம் விர்ருனு ஏறி விர்ருனு இறங்குது, எழுபத்தாறு வயசு உடம்பு எத்தனை தாங்கும், தொட்டிக்குள்ளயே மயங்கியிருந்தீங்கன்னா என்னன்னு யோசிங்க என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம் கூடத்தில் குளிர் காய வைத்திருக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தச் சின்ன அறையில் வைத்துக் கதவைச் சாத்தியதுதான். நான் கத்தி அதை வெளியே எடுக்க வைத்தால், மறுநாள் கடையிலிருந்து ஒரு மின்சார ஹீட்டரை வாங்கிவந்து சமையலறையிலிருந்து நீள வயர் இழுக்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் மீன்கடைக்காரி சொன்ன சசாமோரி என்கிற எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன்.

வந்தது ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். அப்பா வாசலிலேயே, பொம்பளையையா அனுப்பியிருக்காங்க என்றார், எனக்கு மானம் போயிற்று. அவளோ பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, ஆமாங்க, ஆனா கரண்ட்டுக்கு அது தெரியாது என்றாள். உடை மாற்றும் அறையில் வெப்பமானியை வைத்தாள், நாலு டிகிரி. அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா, காலுறையோடு காலித் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து கையை நாலு பக்கமும் நீட்டிப் பார்த்தாள், ஈரக் கை எதுவரை எட்டும் என்று. அப்பா வாங்கிவந்த ஹீட்டரைக் காட்டியதும், இதை இங்க வைக்கணும்னா நான் இப்பவே கிளம்பறேன், ஈரத் தரையில வயர் கிடந்தா ஒரே ஒரு தடவை போதும், அந்த அடுப்பும் வேண்டாம், மூடின அறையில அதோட விஷக்காத்து வாசனைகூட இல்லாம ஆளைத் தூக்கிடும் என்றாள். யாரும் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் ஹீட்டரைத் தானே தூக்கிக்கொண்டுபோய் அட்டைப்பெட்டியில் வைத்தார்.

இரண்டு நாள் வேலை மிஹோ. அந்தப் பக்கத்துச் சுவருக்குள் எர்த் வயரே இல்லை என்று கண்டுபிடித்தாள், பெருச்சாளி மாதிரி மச்சுக்குள் வயிற்றால் ஊர்ந்துபோய் மெயின் பெட்டியிலிருந்து இதற்கென்றே தனி வயர் இழுத்தாள், கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் தானே அணைந்துவிடும் சுவிட்சைப் போட்டாள். குளிக்கும் இடத்துக்கென்றே செய்த ஹீட்டர், ஈரம் பட்டாலும் உள்ளே இறங்காது, கை எட்டாத உயரத்தில் இரண்டு அறையிலும் ஒவ்வொன்று. அந்தச் சுவிட்ச் சரியாக அணைகிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை அழுத்த வேண்டிய பொத்தானை என் விரலைப் பிடித்து அழுத்தவைத்தாள். குளிக்கப் போறதுக்குக் கால்மணி முன்னாடி போடுங்க, தண்ணி நாப்பது டிகிரிக்கு மேல வேண்டாம், மெதுவா எழுந்திருங்க என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் காலை, எதிர்வீடு தெரியாத பனிப்புயல், வாசலில் அவள் வண்டி. நேத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தப்பதான் ஞாபகம் வந்தது, உங்க துண்டு மாட்டற கொக்கி ஹீட்டருக்கு நேர் கீழே இருக்கு, துண்டு காய்ஞ்சு கருகி ஏதாவது ஆயிடும், போன்ல சொன்னா நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டுடுவீங்க என்று சொல்லிக்கொண்டே கொக்கியைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம், வெளியே அவள் வண்டியைச் சுற்றிப் பனியை வாரிக்கொண்டிருக்கிறார். டாக்டர் மண்வாரியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று நான் கத்த, அவளே ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள். அப்பா அவள் முன் குனிந்து, முதல் நாள் நான் சொன்னது தப்பும்மா என்றார். நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இப்போது சாயங்காலக் குளியல் முடிந்து வெதுவெதுப்பில் நின்று சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக நிதானமாகப் போடுகிறார், கதவைத் திறந்து, தோமியே, இங்க வந்து நில்லேன், இதமா இருக்கு என்று கூப்பிடுகிறார். நானும் போய் நிற்கிறேன். அடுப்பில் சூப் வற்றினால் வற்றட்டும்.

உன் வீட்டுக் குளியலறையில் வெந்நீருக்காகக் குழாயிலேயே மாட்டியிருக்கும் மின்சாரக் கருவியை நல்ல ஆளைக் கூப்பிட்டுக் காட்டு, தள்ளிப்போடாதே. குழந்தையை எனக்காக ஒருமுறை முகர்ந்து பார். நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், வயிறும் மனமும் நிறைந்து வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா
தோமியே

அப்பா தினமும் ரத்த அழுத்தம் குறித்துவைக்கும் தன் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். உள்ளே வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு அவரைப் புகழ்ந்து இரண்டு வரி எழுது.