கிறீச்சிடும் கத்தரிக்கோல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது, இங்கே எல்லாரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக நம்புகிறோம், பொய்யென்றால் அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மைக்குக்குள் டொய்ங் டொய்ங் என்று நான் கத்தியதை எதிர்வீட்டு டீச்சரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உங்க வீட்டுக்காரரை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவும் டாக்டர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள்.

அது பழிவாங்குகிற வேலை மகளே. நம் சலூன் கடைக்கு மேலே இருக்கிற ஸ்டூடியோக்காரன், பொம்மைச் சத்தம் இது, குப்பையில போடு என்று உன் மெட்டைக் கேட்டுச் சொன்னானே, அதே மெட்டைத் தன் பெயரில் ஒரு வீடியோ கேமுக்குக் கொடுத்திருக்கிறான். உன் மாமா போனில் விளையாடும்போது என் காதில் விழுந்தது. நீ இசையே வேண்டாமென்று தலைமுழுகிவிட்டுப் போனாய், இவன் அதில் குளிர்காய்கிறான், எனக்கு வயிறு எரியாதா. ஆதாரம் தேடி உன் பழைய லேப்டாப்பைத் திறந்தால் மகராசி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போயிருக்கிறாய். சரி என்று ஓசியில் கிடைக்கிற ஆப்பை வைத்து உன் மெட்டில் வருகிற கேம் சத்தங்களை ஒவ்வொன்றாக மறுபடி செய்தேன். குதிக்கிற சத்தத்துக்குக் கம்பளிக்குள் டொய்ங் என்று கத்தி, அந்தச் சுரத்தைக் கீழிருந்து விருட்டென்று மேலே இழுத்தேன், காசு எடுக்கிற சத்தத்துக்குக் கிண்ணத்தைச் சீப்பால் தட்டிப் பதிந்து கீச்சென்று ஏற்றினேன், வெடிக்கிற சத்தம் ரேடியோ இரைச்சலில் ஒரு துண்டு. தாளம் மட்டும் சிக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, அது என் கத்தரிக்கோல். திருகு லூசாகி நாலாவது வெட்டுக்குக் கிறீச்சிடுமே, அதைத்தான் நீ பதிந்திருக்கிறாய். திருடன் கிறீச்சையும் சேர்த்தே தூக்கியிருக்கிறான்.

அவனுக்கு ஏதோ விருதாம், சவரத்துக்கு வந்தான். கடை நிறைய ஆள். நுரை போட்டுவிட்டு நான் செய்ததை ஸ்பீக்கரில் விட்டேன். என் பாட்டு இங்கயும் வந்துடுச்சா என்று பூரித்தான். தாளம் எதுல போட்டீங்க சார் என்று பவ்யமாகக் கேட்டேன். வெளிநாட்டு மிஷின், சொன்னா உங்களுக்குப் புரியாது என்றான். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அவன் காதருகே கத்தரிக்கோலைச் சும்மா வெட்டினேன். நாலாவதில் கிறீச். உன் மாமா, வெளிநாட்டு மிஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க மச்சான் என்றார், கடையே சிரித்தது. நான் யாரையும் மிரட்டவில்லை. கத்தி தொண்டையில் இருந்தது, சவரமென்றால் அங்கேதானே இருக்கும். உட்கார்ந்தபடியே கேம் கம்பெனிக்குப் போன் போட்டு, இது உன் மெட்டு என்று ஒப்புக்கொண்டு உன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். ஒரு கன்னம் முடிந்திருந்தது, இன்னொண்ணுக்கு வேற கடை பாருங்க சார் என்று அனுப்பிவிட்டேன். அப்படியேதான் மேடை ஏறினானாம். எனக்குத் தூக்கம் இப்போதுதான் நன்றாக வருகிறது.

கம்பெனிக்காரர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள், தூங்குமூஞ்சிக் குரலில் பேசித் தொலைக்காதே. உன் சின்ன கீபோர்டைப் பார்சலில் போட்டிருக்கிறேன், அதைத் தொடாமல் இருந்தால் அடுத்த பழி உன்மேல்தான். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்கவேண்டும். பார்சல் வந்ததும் போன் செய்ய மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. அந்தச் சந்தோஷத்தில், அடுத்து உட்கார்ந்த மாமாவின் மீசையை எடுத்துவிட்டேன். அவர் தலைமுடி வெட்டத்தான் வந்திருந்தார்.