இருபத்திரண்டு இஞ்ச் இருக்கை

மார்ச் 3, ஞாயிறு

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று மதியம், தூங்கிக்கொண்டிருந்த பெண்டாட்டியின் காலை இஞ்ச் டேப்பால் அளந்தேன். குதிகாலில் ஆரம்பித்து முழங்காலைத் தாண்டும்போது விழித்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

"எறும்பு."

"எறும்பை அளக்கிறீங்களா?"

ஐம்பத்துமூன்று வயது எனக்கு. கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிற கடைக்காரன் என்று தெருவில் கொஞ்சம் மரியாதை வேறு. போகட்டும், அளவு கிடைத்துவிட்டது.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவளுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதிலிருந்து என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறமுடிவதில்லை. காலைத் தூக்குவாள், பாதியில் நிற்கும், "விடுங்க" என்பாள். ஸ்கூட்டரும் பார்த்தாச்சு. எல்லாம் முப்பது இஞ்சுக்கு மேல். இப்போது அவள் கிளார்க்காக இருக்கிற பள்ளிக்கூடத்தின் வேனே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது.

அதனால் என்ன என்று விடலாம். விடமுடியவில்லை. இருபத்தாறு வருஷமாக, தினமும் காலையில் இருபது நிமிஷம், அவள் பேசியதெல்லாம் அந்தப் பின் சீட்டில்தான். ஹெட்மாஸ்டரின் தலைச்சாயம், மாடி வீட்டுச் சண்டை, என் அக்காவின் கஞ்சத்தனம், எல்லாம் என் வலது காதுக்குள். வீட்டுக்குள் வந்தால் 'கதவைச் சாத்துங்க', 'பால் பொங்குது'. அவ்வளவுதான். வீட்டில் நான் வாயாடி, அவள் ஊமை. வண்டியில் மட்டும் தலைகீழ்.

அந்தக் காது ஒன்றரை வருஷமாகச் சும்மா இருக்கிறது.

மார்ச் 9

படிக்கிற கண்ணாடிக்காக ஒரு கப்பல் சமையல்காரர் கடைக்கு வந்தார். சோதனை முடிந்ததும் போனில் போட்டோ காட்டினார். ஏதோ துறைமுகத் தெருவில், நாய்க்குட்டி மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள். "அங்க பால்காரன்கூட இதுலதான் போறான் சார். இங்க விக்க மாட்டான்."

"சீட் எவ்வளவு உயரம்?" என்றேன்.

அவர் என் கண்ணைப் பரிசோதிப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மார்ச் 12

சமையல்காரர் நம்பர் கொடுத்த அந்தத் துறைமுகத்து வியாபாரி, வண்டியின் விவரத்தாள் அனுப்பியிருக்கிறார். இருக்கை உயரம்: இருபத்திரண்டு இஞ்ச். அந்த வரியை ஏழு தரம் படித்தேன். அவளுடைய முழங்காலுக்குச் சற்றே மேலே. காலைத் தூக்கவே வேண்டாம், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம்.

ஆர்டர் கொடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

சுங்க வேலைகளைப் பார்க்க ஓர் ஏஜெண்டைப் பிடித்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் "நாளைக்கு சார்" என்பதால் அவருக்கு நாளைக்கு என்றே பெயர் வைத்துவிட்டேன். இன்று பதினொரு பக்கப் படிவம். 'இறக்குமதியின் நோக்கம்' என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதிவிட்டேன்.

நாளைக்கு தலையில் அடித்துக்கொண்டார். "மனைவியை இறக்குமதி பண்றதுக்குப் படிவம் வேற சார். சொந்த உபயோகம்னு போடுங்க."

ஏப்ரல் 20

வண்டி கப்பலில் ஏறிவிட்டது. எனக்குத்தான் வாந்தி வருகிறது.

மே 11

மைத்துனனிடம் ரகசியம் சொல்வதும் சந்தையில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். தெரிந்தே சொன்னேன். எனக்கும் யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். இன்று வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, மாமா கடல் தாண்டிப் பொம்மை வண்டி வரவழைக்கிறாராமே, சாவி கொடுத்தா ஓடுமா?"

அவள் தட்டில் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "எதுக்குங்க?"

"சின்ன வயசுலேருந்து ஒரு ஆசை."

"உங்க சின்ன வயசுல இந்த வண்டி இருந்துச்சா?"

ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய். 'உனக்காக' என்ற ஒரு சொல்லை உருட்டி வெளியே தள்ள முடியவில்லையே!

ஜூன் 6

துறைமுகக் கிடங்கு. மரப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கினார்கள். காகிதச் சுருளுக்குள்ளிருந்து சிவப்பாக எட்டிப் பார்த்தது. கிடங்கிலிருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து ஆளுக்கொரு முறை ஹாரன் அடித்தார்கள்.

"எந்தக் குழந்தைக்கு சார்?" என்றார் சுங்க அதிகாரி.

"என் மனைவிக்கு. முழங்கால் சரியில்ல. இதுல ஏறுவா."

முன்பின் தெரியாத மனிதரிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது! அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முத்திரையைக் குத்தினார்.

ஜூன் 19

தகுதிச் சோதனை. விளக்கு, கண்ணாடி, பிரேக், எல்லாம் தேறின. பதிவுக்காக ஆய்வாளர் எழுதிக்கொண்டே வந்தார்.

"ஆட்கள், ஒண்ணு."

"ரெண்டு சார்."

"பின்னாடி கால் வைக்க இடம் எங்க? பிடிக்கக் கம்பி எங்க? இது ஒத்தை ஆள் வண்டி." விவரத்தாளை என் பக்கம் திருப்பினார். "கடைசி வரியைப் படிங்க."

கடைசி வரியைப் படிங்க. முப்பது வருஷமாக நான் ஊருக்குச் சொல்கிற வாக்கியம்! பொடி எழுத்தில், பளிச்சென்று இருந்தது. ஒருவர்.

சீட்டை நீட்டி, கம்பி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது. மனு போடலாமா? கூடாது. கூட வந்திருந்த ஏஜெண்ட் நாளைக்குகூட 'நாளைக்கு' என்று சொல்லவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். சாப்பிடவில்லை.

ஜூன் 20

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். டேப், எறும்பு, கப்பல் சமையல்காரர், வலது காது.

முதலில் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. "ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுற ஆளு!" பிறகு சிரிப்பு நின்றுபோனது. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

துணியை எடுத்தாள். சுற்றிவந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு முனகல் இல்லை. இரண்டு பாதங்களும் தரையில் முழுதாக.

"கால் நல்லா ஊனுது," என்றாள், ஏதோ செருப்புக் கடையில் இருப்பதுபோல்.

கல்யாணத்துக்கு முன் மொபெட் ஓட்டினவள்தான். ஆனால் லைசென்ஸை இத்தனை வருஷமும் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்! பீரோவிலிருந்து எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நானும் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்தேன். என் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது.

ஜூலை 1

தெருக்கோடிவரை ஓட்டினாள். நான் பின்னால் ஓடினேன். இடுப்புக்குத் தைலம்.

ஜூலை 15

வேனுக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று இந்த முறை சொல்ல ஆளில்லை.

ஆகஸ்ட் 4

மாடி வீட்டம்மா படியில் மறித்தார். குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டம்மா வண்டியில தனியா பேசிக்கிட்டே போறாங்களே... ஒண்ணும் இல்லையே?" என்றார்.

அவள் சிவப்பு டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

"யார்கிட்ட பேசுற?"

"யார்கிட்டயும் இல்ல. பயமா இருந்தா நான் பேசுவேன். உங்க பின்னாடி உக்காந்தப்பவும் அப்படித்தான். நீங்கதான் லாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல நுழைவீங்களே. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கிட்டே வருவேன்."

"இருபத்தாறு வருஷமுமா?"

"ஆமா."

"அப்ப, எங்க அக்காவோட கஞ்சத்தனம்?"

"அது நிஜம்."

"அவ்வளவு பயம்னா ஏன் என்கூட வந்த?"

துணியைப் பிழிந்தாள். "கேள்வியைப் பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு நேராகவே ஒரு பஸ் உண்டு. எட்டு பத்துக்கு எங்கள் வாசலுக்கு எதிரில் நிற்கும். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே நிற்கிறது.