இளநீரில் வெந்த மீன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

தோல் வியாபார விசயமா வியட்நாம் போயிட்டு வந்த இவரு, இன்னைக்கு மத்தியானம் அடுப்படிக்குள்ள வந்து நின்னாரு. "மீன் நான் வைக்கிறேன். அந்த ஊரு வெஞ்சனம்"ன்னாரு. நம்ம வீட்டுல சீனி டப்பா எங்க இருக்குன்னே தெரியாத மனுசன். நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

மண்சட்டியில சீனியப் போட்டுக் கருக்குனாரு. புகை கிளம்பவும் எனக்குப் பதறுது. "கலரப் பாக்காத, வாசத்தப் பிடி. கசப்பு ஏறுறதுக்குள்ள இளநீர ஊத்திரணும்"ன்னாரு. கரெக்டா ஊத்தவும் செஞ்சாரு.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஹோட்டல்ல சாப்பிட்டதுதான்."

"சாப்பிடுறவருக்கு அடுப்பு வாசம் எப்படித் தெரியும்?"

"செத்த நேரம் சும்மா இரு, மீன் உடைஞ்சிரும்."

நான் பேசுனா மீன் எப்படி உடையும்?

குறை சொல்லவும் வழியில்ல. இனிப்பும் உப்பும் மிளகுமா, சோத்துக்கு அம்புட்டு நல்லா இருந்துச்சு. அதுதான் எரிச்சல்.

சாப்பிட உக்காந்ததும், நடுத்துண்ட எடுத்து முதல்ல என் தட்டுல வச்சாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து நடுத்துண்டு இவருக்குத்தான், கேக்காமயே எடுத்துக்குவாரு.

"என்ன புதுசா?"ன்னேன்.

"அங்க வீட்டுல அப்படித்தான் வைப்பாங்க"ன்னவரு, சட்டுன்னு தண்ணி சொம்ப எடுத்துக் குடிச்சாரு.

அடுப்படியில ஹோட்டலா இருந்தது, சோத்துக்கு உக்காந்ததும் வீடாயிருச்சு. யாரு வீடுன்னு நான் கேக்கல. இப்ப பக்கத்துல நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குறாரு.

நடுத்துண்ட நானும் முழுசாத் தின்னுட்டேன். யாரு தட்டுல வச்சுப் பழகுன கையோ அது.